பழைய மும்ப்ஸிமுஸ்

இங்கிலீஷ் அகராதியை அலுப்பில்லாமல் புரட்டும் வழக்கம் உள்ளவர்கள் 'எம்' எழுத்தின் கீழ் ஒரு விநோதமான சொல்லைச் சந்தித்திருக்கக்கூடும். பார்வைக்கு அது அசல் லத்தீன். அதன் விகுதியைக் கண்டதும், லத்தீன் இலக்கணத்தைச் சிறிதளவு கற்றவரும், 'தன்மைப் பன்மை, இறந்தகால வினைமுற்று' என்று சொல்லிவிடுவார். ஆனால் லத்தீன் பாஷையில் அப்படி ஒரு வினை கிடையாது. ஸிஸரோவின் பிரசங்கங்களில் அது இல்லை. வர்ஜிலின் காவியத்தில் இல்லை. 'மும்ப்ஸிமுஸ்' என்பது அந்தச் சொல். ஆங்கிலேயர் நாவில் அது 'மம்ப்ஸிமஸ்' என்று ஒலிக்கும்.

பிழை என்று ருசுப்படுத்திக் காட்டிய பின்பும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் பழக்கத்துக்கு அது பெயர். அப்படிப் பற்றிக்கொண்டிருக்கும் பேர்வழிக்கும் அதுவே பெயர். லத்தீனிலிருந்து இங்கிலீஷுக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் குடியேறியிருக்கின்றன. அவையெல்லாம் குலம் கோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தவை. இது ஒன்று மட்டும் பிழையிலே பிறந்து, பிழையின் பெயராகவே வாழ்ந்து, கூடவே ஒரு பழமொழியையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதன் சரித்திரத்தைத் தேடிப் புறப்பட்டால், வேடிக்கைக் கதை ஒன்றில் ஆரம்பித்துக் கொலைக்களம் வரையில் போக நேரிடுகிறது.

முதலில் கதையைச் சொல்லிவிடுவோம்.

கத்தோலிக்கக் கோயில்களில் பூசை நடத்தும் பாதிரியார், அப்பத்தையும் திராட்சரசத்தையும் அருந்திய பிறகு சொல்ல வேண்டிய சிறு பிரார்த்தனை ஒன்று உண்டு. வாயினால் அருந்தியதைத் தூய உள்ளத்தினாலும் ஏற்றுக்கொள்ள இறைவன் அருள வேண்டும் என்பது அதன் கருத்து. 'உட்கொண்டோம்' என்று பொருள்படும் 'ஸும்ப்ஸிமுஸ்' என்ற சொல் அதில் வருகிறது. இங்கிலாந்தில் அதிகப் படிப்பில்லாத ஒரு பாதிரியார் இருந்தாராம். அவர் அந்த இடம் வரும்போதெல்லாம் 'மும்ப்ஸிமுஸ்' என்று சொல்லி வந்தார். தமிழில் ஒருவர் 'உட்கொண்டோம்' என்பதை நாள்தோறும் 'முட்கொண்டோம்' என்று பக்தி சிரத்தையுடன் ஓதி வந்தால் எப்படியிருக்குமோ, அப்படி. கடைசியில், படித்தவர் ஒருவர் அதைக் கேட்டுத் திடுக்கிட்டு, பிழையை எடுத்துக் காட்டித் திருத்தினார். பாதிரியார் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, முப்பது வருஷமாகச் சொல்லி வந்த தமது பழைய மும்ப்ஸிமுஸை இவருடைய புதிய ஸும்ப்ஸிமுஸுக்காக மாற்றிக்கொள்ளும் உத்தேசம் தமக்கு இல்லை என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கதை இவ்வளவுதான். முப்பது வருஷம் என்பது ஒருவர் கணக்கு. இருபது என்று சொன்னவரும் உண்டு. பழைய மும்ப்ஸிமுஸைப் புதிய ஸும்ப்ஸிமுஸுக்கு மாற்றாதவர் என்று ஒருவரைச் சொல்வது அன்று முதல் பழமொழியாகிவிட்டது.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரைப் பற்றி நம் நாட்டில் சொல்வார்கள். இந்தப் பாதிரியாரும் அந்த ஜாதிதான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இருவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முயல் பிடித்தவர் நாலாவது காலைக் கண்ணால் பார்க்கவே மறுக்கிறார். பாதிரியாரோ, ஸும்ப்ஸிமுஸ் என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்கிறார். அது சரியாகவே இருக்கலாம்; ஆனால் அது புதிது, தம்முடையதல்ல என்கிறார். முயல்காரருடன் வாதாடலாம். இவருடன் எப்படி வாதாடுவது?

பூசை செய்பவருக்கே பூசையின் பாஷை தெரியாமல் இருக்குமா என்று வாசகர்கள் சந்தேகிக்கலாம். 1551-ஆம் வருஷம் க்ளஸ்டர் நகரத்து பிஷப்பான ஜான் ஹூப்பர் என்பவர், தம் எல்லைக்குட்பட்ட பாதிரிமார் 311 பேரைக் கூப்பிட்டுப் பரீட்சை வைத்தார். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் பத்துக் கட்டளைகளை ஒப்புவிக்க இயலவில்லை. பத்துப் பேருக்கு, ஏசுநாதர் கற்பித்த ஜபமே வாயில் வரவில்லை. அவையெல்லாம் இங்கிலீஷில் மொழிபெயர்க்கப்பட்டுக் கோயில்களில் வைக்கப்பட்டிருந்த காலம் அது. பரீட்சைத் தாள்களிலேயே காலம் தள்ளுகிற நமக்குக்கூட அந்த மார்க்குப் பட்டியல் சற்றுத் திகைப்பைத் தருகிறது. அதற்கு முந்திய தலைமுறையில், கேள்விஞானத்தினாலும், பிரதி செய்வோர் கை தவறிய சுவடிகளினாலும் லத்தீன் கற்ற பாதிரியார் ஒருவர் ஓர் எழுத்தை மாற்றிச் சொன்னார் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அந்தப் பாதிரியாரின் பெயர் யாருக்கும் தெரியாது. அவரைப் பிரசித்தப்படுத்தியவர்கள் இரண்டு மேதாவிகள். முதல்வர் ஹாலந்து நாட்டு எராஸ்மஸ். ஐரோப்பாவில் அந்நாளில் அவருக்கு நிகரான பண்டிதர் இல்லை. இரண்டாமவர் அவருடைய நண்பரும் இங்கிலாந்து அரசரின் தூதருமான ரிச்சர்டு பேஸ். எராஸ்மஸ் 1516-ஆம் வருஷம் கேம்பிரிட்ஜில் இருந்த ஹென்றி புல்லக் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இக்கதை வருகிறது. அதை அவர் பொழுதுபோக்குக்காகச் சொல்லவில்லை. அப்போது அவரைச் சுற்றிப் பெரிய புயல் ஒன்று வீசிக்கொண்டிருந்தது.

அவ்வருஷத்தின் தொடக்கத்தில், பேஸல் நகரத்தில் ஃபுரோபென் என்பவரின் அச்சுக்கூடத்திலிருந்து எராஸ்மஸின் நூல் ஒன்று வெளியாயிற்று. பைபிளின் புதிய ஏற்பாட்டை அதன் மூல பாஷையாகிய கிரேக்கத்தில் அச்சிட்டு, பக்கத்திலேயே தம்முடைய புது லத்தீன் மொழிபெயர்ப்பையும் அவர் சேர்த்திருந்தார். அதுவரையில் மேற்கு ஐரோப்பா முழுவதும் வழங்கி வந்தது அர்ச். ஜெரோம் ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு. அதில் பல இடங்கள் மூலத்துடன் பொருந்தவில்லை என்று எராஸ்மஸ் கண்டார், திருத்தினார். உடனே கூக்குரல் எழுந்தது. கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி, அந்தப் புத்தகத்தைக் குதிரை மேலோ, படகிலோ, வண்டியிலோ, சுமையாள் தலையிலோ ஏற்றித் தன் மதிலுக்குள் ஒருவரும் கொண்டுவரக் கூடாது என்று தீர்மானம் செய்திருந்ததாம். எராஸ்மஸே அதை அக்கடிதத்தில் சொல்லிச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் நம் பாதிரியார் வருகிறார். தம்முடைய எதிரிகள் எல்லாரும் அவருக்குச் சகோதரர்கள் என்பது எராஸ்மஸின் குறிப்பு.

இங்கே நாம் சற்று நின்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். எராஸ்மஸின் எதிரிகள் பழமை பழமை என்று கட்டிக் காத்தார்களே, அந்த ஜெரோமின் மொழிபெயர்ப்பு பிறந்த காலத்தில் எப்படி வரவேற்கப்பட்டது தெரியுமா?

ஜெரோமுக்கு முன்பும் லத்தீனில் பழைய மொழிபெயர்ப்புகள் இருந்தன. அவை பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தின் வழியாகப் பெயர்த்தவை. ஜெரோம் பெத்லஹேமில் உட்கார்ந்து ஹீப்ரு மூலத்திலிருந்தே நேராக மொழிபெயர்த்தார். ஆப்பிரிக்காவின் வடகரையில் ஓயா என்ற நகரம். இன்று லிபியா தேசத்தின் தலைநகரான டிரிப்போலி இருக்கும் இடம். அங்கே ஒரு பிஷப் இந்தப் புது மொழிபெயர்ப்பைக் கோயிலில் வாசிக்க ஏற்பாடு செய்தார். யோனா தீர்க்கதரிசியின் கதை வந்தது. வெயிலில் உட்கார்ந்திருந்த யோனாவுக்கு நிழல் தர இறைவன் ஓர் இரவில் ஒரு செடியை முளைப்பித்தார் அல்லவா? அது சுரைக்கொடி என்று ஜனங்கள் பரம்பரையாகக் கேட்டு வந்திருந்தார்கள். ஜெரோமோ அதை ஐவி என்னும் படர்கொடியாக்கியிருந்தார். சபையில் அமளி உண்டாயிற்று. பிஷப் ஹீப்ரு தெரிந்த யூதர்களிடம் போய்க் கேட்டார். அவர்கள் பழைய பாடமே சரி என்று சொல்லிவிட்டார்கள். கோயில் காலியாகிவிடும் நிலைமை. வேறு வழியின்றி அவர் ஜெரோமின் சொல்லை மாற்றி வாசிக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் 403-ஆம் வருஷம் அர்ச். அகஸ்தீன், ஜெரோமுக்கே கடிதமாக எழுதியிருக்கிறார். 'தாங்கள் எவ்வளவு பெரிய பண்டிதரானாலும் ஜனங்களின் காதுக்குப் பழகிய சொல்லைத் தொடும்போது யோசித்துத் தொட வேண்டாமா?' என்பது கடிதத்தின் தாத்பரியம். ஜெரோமுக்குக் கோபம் வந்தது. பரிகாசமாகவே பதில் எழுதினார்.

ஸ்வாரஸ்யம் அத்துடன் முடியவில்லை. ஹீப்ரு மூலத்தில் இருக்கும் செடி சுரையும் அல்ல, ஐவியும் அல்ல. அது ஆமணக்கு என்பது பிற்காலத்து அறிஞர் பலருடைய கருத்து. நம் தமிழ் பைபிளிலும் யோனாவுக்கு நிழல் தருவது ஆமணக்குச் செடியே. அகன்ற இலை, விரைவான வளர்ச்சி என்று அதன் அடையாளங்களை ஜெரோமே வர்ணித்திருக்கிறார். ஆனால் அதற்குத் தகுந்த லத்தீன் பெயர் இல்லையே என்று, முந்திய மொழிபெயர்ப்பாளர்களை அனுசரித்து ஐவி என்று போட்டுவிட்டார். ஆகவே ஓயா நகரத்துச் சண்டையில் இரு கட்சியும் பிசகு. கொல்லையில் ஆமணக்கு வளர்க்கும் ஒரு பாட்டியிடம் யாராவது அடையாளத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் விஷயம் தீர்ந்திருக்கும்!

அன்று புதுமை என்று கல்லெறியப்பட்ட ஜெரோமின் பாடம், ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, தொடக்கூடாத பழமையாகி எராஸ்மஸை எதிர்த்து நின்றது. 1546-இல் டிரெண்டு நகரில் கூடிய கத்தோலிக்க மகாசபை, அதையே பிரமாணமான பாடம் என்று பிரகடனமும் செய்தது.

ரிச்சர்டு பேஸ் இக்கதையை 1517-இல் வெளியிட்ட தம் நூலில் சொல்லியிருக்கிறார். கல்வியினால் உண்டாகும் பயனைப் பற்றிய நூல் அது. அதில் வேறொரு சம்பவமும் வருகிறது. நம்முடைய தொழிலை உத்தேசித்து அதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. விருந்து ஒன்றில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. வேட்டைக் கொம்பும் கையுமாக வந்திருந்த கனவான் ஒருவருக்குக் கோபம் பொங்கிவிட்டது. கொம்பு ஊதுவதும் வேட்டையாடுவதும் பருந்து ஏந்துவதுமே பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு அழகு. ஏட்டுப் படிப்பு குடியானவர் பிள்ளைகளுக்குப் போதும். தம் மகன் படித்துக் கெடுவதைவிடத் தூக்கில் தொங்கலாம் என்றார். பேஸ் சும்மா இருக்கவில்லை. அயல் நாட்டுத் தூதர் அரசரிடம் வந்தால் பதில் சொல்ல உங்கள் மகனை அழைக்க மாட்டார்கள், படித்த குடியானவர் மகனைத்தான் அழைப்பார்கள்; உங்கள் மகன் ஒரு பக்கம் நின்று கொம்பு ஊதலாம் என்றாராம். தூதர் வேலை பார்த்தவரின் வாயிலிருந்து வந்த பேச்சல்லவா? சூடு இருக்கத்தான் செய்யும்.

இதுவரையில் எல்லாம் படித்தவர்கள் தங்களுக்குள் லத்தீனில் எழுதிச் சிரித்துக்கொண்ட சமாசாரம். மும்ப்ஸிமுஸ் இங்கிலீஷில் புகுந்தது 1530-ஆம் வருஷம். புகுத்தியவர் வில்லியம் டிண்டேல்.

டிண்டேலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டை ஏர் பிடிக்கிறவனுக்கும் விளங்கும் இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர் அவர். சொந்த நாட்டில் அதற்கு அனுமதி கிடைக்காமல், ஜெர்மனிக்குப் போய், 1526-இல் வோர்ம்ஸ் நகரத்தில் அச்சிட்டார். பிரதிகள் கள்ளச் சரக்காக இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தன, பிடிபட்டவை தீக்கிரையாயின. அவர் செய்த குற்றம் என்ன? சில சொற்களை மாற்றினார். கோயில் அதிகாரத்தைக் குறித்த சொல்லுக்குப் பதிலாகச் சபை என்று போட்டார். குருக்கள் என்ற இடத்தில் மூப்பர் என்று எழுதினார். பிராயச்சித்தம் செய்யுங்கள் என்று வழங்கியதை மனந்திரும்புங்கள் என்று மாற்றினார். சாதாரணச் சொற்கள்தாம். ஆனால் பிராயச்சித்தம் என்றால் அதை விதிக்க ஒரு குரு வேண்டும். மனந்திரும்புவதற்குத் தன் மனம் ஒன்றே போதும். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு ராஜ்யத்தின் அஸ்திவாரமே அசையும் என்பதை ஸர் தாமஸ் மோர் நன்றாகக் கண்டுகொண்டார். எராஸ்மஸுக்கும் பேஸுக்கும் உயிர் நண்பரான அதே மோர், டிண்டேலை எதிர்த்துப் பக்கம் பக்கமாக எழுதினார்.

எட்டாம் ஹென்றி அரசர் தம் முதல் மனைவியை விலக்கிவிட வழி தேடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த விவகாரத்தைத் தர்க்கம் செய்ய அழைக்கப்பட்ட வேதசாஸ்திர பண்டிதர்களுக்கு, டிண்டேல் தம் நூல் ஒன்றில் மும்ப்ஸிமுஸ்கள் என்று பட்டம் சூட்டினார். பாதிரியார் உளறிய சொல் மனிதருக்கே பெயராகிவிட்டது இப்படித்தான். ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, 1535-இல், அரசரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்த மோரின் தலை லண்டனில் வெட்டப்பட்டது. மறு வருஷம் பிரஸ்ஸல்ஸுக்கு அருகில் வில்வோர்ட் என்னுமிடத்தில் டிண்டேலைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தார்கள். பழைய சொல்லுக்காக வாதாடியவரும் போனார். புதிய சொல்லுக்காக வாதாடியவரும் போனார். பெரும்பாலும் டிண்டேலின் சொற்களே அடங்கிய இங்கிலீஷ் பைபிள் ஒன்று 1539-இல் அரசாங்க அனுமதியுடனேயே அச்சாகிக் கோயில்தோறும் வைக்கப்பட்டது. அவர் பெயர் மட்டும் அதில் இல்லை.

இந்தச் சொல்லைச் சிங்காசனத்தில் ஏற்றியவர் எட்டாம் ஹென்றியேதான். 1545-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பார்லிமெண்டு கலையும் சமயம். வழக்கமாக மந்திரி பதில் உரைக்கும் இடத்தில் அரசரே எழுந்து பேசினார். அதுவே அவர் அங்கே செய்த கடைசிப் பிரசங்கம். தேசத்தில் அன்பு இல்லாமல் போய்விட்டது; ஒருவர் மற்றவரைப் பாஷாண்டி என்கிறார், மற்றவர் இவரை வேஷதாரி என்கிறார்; சிலர் தங்கள் பழைய மும்ப்ஸிமுஸில் விறைத்து நிற்கிறார்கள், வேறு சிலர் தங்கள் புதிய ஸும்ப்ஸிமுஸில் அளவு கடந்து அலட்டிக்கொள்கிறார்கள் என்று கடிந்துகொண்டார். தெய்வ வாக்கைச் சாராயக் கடையில் பாட்டாகப் பாடிச் சந்தி சிரிக்க வைக்கிறார்களே என்றும் வருந்தினார்.

கேட்பதற்கு நடுநிலைமை தவறாத நீதிமானின் பேச்சாகத்தான் இருக்கிறது. அவருடைய நடுநிலைமை எப்படிப்பட்டது என்பதை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1540 ஜூலை 30-ஆம் தேதி, லண்டனில் ஸ்மித்ஃபீல்டு மைதானத்துக்கு ஆறு பாதிரிமார் இழுத்து வரப்பட்டார்கள். மூவர் புதிய மதக் கொள்கைக்காரர். அவர்கள் பாஷாண்டிகள் என்று உயிரோடு எரிக்கப்பட்டார்கள். மூவர் போப்பாண்டவரை விடாத பழைய கொள்கைக்காரர். அவர்கள் ராஜத்துரோகிகள் என்று தூக்கிலிடப்பட்டு அங்கம் அங்கமாக வெட்டப்பட்டார்கள். வரும் வழியில் ஒவ்வொரு கட்டைச் சட்டத்திலும் பழைய கொள்கைக்காரர் ஒருவரும் புதிய கொள்கைக்காரர் ஒருவருமாக ஜோடி சேர்த்துக் கட்டியிருந்தார்களாம். மும்ப்ஸிமுஸும் ஸும்ப்ஸிமுஸும் ஒரே சட்டத்தில்! 1543-இல் அதே அரசரின் சட்டம் ஒன்று, கைத்தொழிலாளிகள், வேலைக்காரர்கள், குடியானவர்கள், சாமானிய ஸ்திரீகள் ஆகியோர் இங்கிலீஷ் பைபிளைப் படிக்கவே கூடாது என்று தடுத்தது. உயர்குலத்து மாதர் மட்டும் தங்கள் அறையில் தனியாகப் படித்துக்கொள்ளலாம். எந்த ஏழைக்காக டிண்டேல் உழைத்தாரோ, அவன் கையிலிருந்து புத்தகம் பிடுங்கப்பட்டுவிட்டது. மக்கள் சொற்களைப் பற்றிச் சச்சரவிடுகிறார்கள் என்று கண்டித்தவர், எந்தச் சொல் சரி என்று தாம் ஒருவரே தீர்மானிக்க வேண்டும் என்று விரும்பினார் என்பதே நமது அபிப்பிராயம்.

பழைய சொல்லை விடாதவர்களை இதுவரை கொஞ்சம் பரிகாசமாகவே பார்த்தோம். அவர்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஹென்றி இறந்த பின் அவர் மகன் ஆறாம் எட்வர்டு பாலகனாகப் பட்டத்துக்கு வந்தார். 1549 ஜூன் 9-ஆம் தேதி முதல் தேசம் முழுவதும் லத்தீனை ஒழித்து இங்கிலீஷ் பிரார்த்தனைப் புத்தகத்தையே உபயோகிக்க வேண்டும் என்று சட்டம் பிறந்தது. மறு நாளே டெவன் ஜில்லாவில் ஸாம்ஃபர்டு கோர்ட்னி என்ற சிற்றூரின் ஜனங்கள், பாதிரியாரைச் சூழ்ந்துகொண்டு, பழைய உடுப்பைத் தரித்துப் பழையபடி லத்தீனிலேயே பூசை செய்யும்படி வற்புறுத்திச் செய்வித்தார்கள். கலகம் பரவிற்று. புதிய வழிபாடு கிறிஸ்துமஸ் கூத்துப் போல் இருக்கிறது என்று அவர்கள் விண்ணப்பத்தில் எழுதினார்கள். அடுத்த ஜில்லாவான கார்ன்வாலிலிருந்து வந்தவர்கள் அத்துடன் இன்னொரு வார்த்தையும் சேர்த்தார்கள்: எங்களில் சிலருக்கு இங்கிலீஷே தெரியாது!

கார்ன்வால்காரர்களுக்கு வேறு தாய்மொழி இருந்தது. அவர்களுக்கு லத்தீனும் விளங்காது, இங்கிலீஷும் விளங்காது. ஆனால் லத்தீன், விளங்காமலே தாத்தா காலத்திலிருந்து காதில் விழுந்து வந்தது. அதன் ஓசையிலே கல்யாணமும் கருமாதியும் நடந்தன. இங்கிலீஷோ லண்டனிலிருந்து உத்தரவாக வந்தது. லத்தீன் தெரிந்தவர்களைவிட இங்கிலீஷ் தெரிந்தவர்கள் உங்களில் அதிகமாயிற்றே என்று ஆர்ச்பிஷப் கிரான்மர் பதில் எழுதினார். வாதம் சரிதான், ஆனால் கார்னிஷ் பாஷையிலேயே அந்தப் பிரார்த்தனையை அச்சிட்டுக் கொடுக்கலாம் என்பது அரசாங்கத்துக்குத் தோன்றவில்லை. ஆகஸ்டு மாதத்துக்குள் அந்நிய நாட்டுக் கூலிப்படைகளையும் சேர்த்து அனுப்பி, ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கொன்று கலகத்தை அடக்கிவிட்டார்கள். கார்னிஷ் பாஷையைத் தாய்மொழியாகப் பேசியவர்களில் கடைசியானவர் என்று வழக்கமாகக் குறிக்கப்படும் டாலி பென்ட்ரீத் என்ற கிழவி 1777-இல் இறந்தாள். இருபதாம் நூற்றாண்டில் சில ஆர்வலர்கள் நூல்களைக் கொண்டு அந்தப் பாஷைக்கு மறுபடி உயிர் கொடுக்க முயன்றிருக்கிறார்கள்.

எந்த பாஷையானாலும் ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில்தான் வழிபாடும் கல்வியும் நடைபெற வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகம் கிடையாது. அந்தக் கொள்கை வேறு ஒரு பாஷையை மென்று விழுங்குவதற்குக் கருவியாவதும் உண்டு என்பதைக் கார்ன்வால் காட்டுகிறது. ஸாம்ஃபர்டு கோர்ட்னி ஜனங்களை மும்ப்ஸிமுஸ்கள் என்று சொல்லிச் சிரிக்க நமக்கு வாய் எழவில்லை. கத்தோலிக்கர்களுக்கு அவரவர் தாய்மொழியில் பூசை கிடைப்பதற்கு இன்னும் நானூறு வருஷங்களுக்கு மேல் சென்றது. 1962 முதல் 1965 வரையில் கூடிய வத்திக்கான் மகாசபைதான் அதற்கு வழி திறந்தது.

லத்தீன் பூசை இங்கிலாந்தின் ஊர்க்கோயில்களை விட்டுப் போயிற்று. ஆனால் ஜனங்கள் அதிலிருந்து காதால் பொறுக்கிக்கொண்ட சொற்கள் போகவில்லை. இறந்தோருக்கான வழிபாடு ஒன்று 'நடத்தியருள்வாய்' என்று பொருள்படும் 'டிரிகே' என்ற சொல்லுடன் தொடங்கும். அதுவே தேய்ந்து 'டர்ஜ்' ஆகி ஒப்பாரிப் பாட்டுக்குப் பெயராகிவிட்டது. பரமண்டல ஜபத்தின் முதற்சொற்களான 'பாட்டர் நாஸ்டர்' என்பதை அர்த்தமில்லாமல் வேகமாக முணுமுணுத்ததிலிருந்து 'பாட்டர்' என்ற வினை பிறந்தது. இன்று அது கடகடவென்று பேசுவதைக் குறிக்கும். 'பிளஸீபோ' என்றால் 'பிரியமாய் நடப்பேன்' என்று அர்த்தம். செத்த வீட்டில் கூலிக்காக அதைப் பாடியவர்களின் ஞாபகமாக, பிளஸீபோ பாடுவது என்றால் இச்சகம் பேசுவது என்று பழமொழி உண்டாயிற்று. சாஸர் என்ற ஆதி கவி, ஒரு கதையில் முகஸ்துதிக்காரனுக்கு அதையே பெயராக வைத்திருக்கிறார். பிற்காலத்தில் வைத்தியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நோயாளியின் மனத் திருப்திக்காகக் கொடுக்கும் வெறும் மாத்திரைக்கு இன்றும் அதுவே பெயர். செப்படிவித்தைக்காரன் சொல்லும் 'ஹோகஸ் போகஸ்' என்பதும் பூசை மந்திரத்தின் சிதைவே என்று டில்லட்ஸன் என்ற ஆர்ச்பிஷப் பதினேழாம் நூற்றாண்டில் ஊகித்தார். ஊகம் அழகாகத்தான் இருக்கிறது. சான்றுதான் இல்லை.

சரியான சொல்லாகிய ஸும்ப்ஸிமுஸின் கதியையும் சொல்லிவிடுவோம். இங்கிலீஷில் அதற்குத் தனி வாழ்வு இல்லை. எங்கேயாவது தலை காட்டினால், மும்ப்ஸிமுஸின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது.

ஆங்கிலேயர் அந்தப் பாதிரியாரைப் பார்த்து 500 வருஷங்களாகச் சிரித்து வருகிறார்கள். அவர்களுடைய எழுத்துக்கூட்டலைப் பார்த்தால், தேசம் முழுவதுமே அவருடைய சிஷ்யர்களோ என்று தோன்றுகிறது. கடன் என்று பொருள்படும் 'டெட்' என்ற சொல்லை அவர்கள் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பெற்றபோது அதில் 'பி' எழுத்துக் கிடையாது. லத்தீன் மூலத்தில் 'பி' இருந்ததே என்று பண்டிதர்கள் பின்னால் கொண்டு வந்து செருகினார்கள். எழுதத்தான் செருகினார்களே தவிர, சொல்ல யாரும் துணியவில்லை. அதைச் சொல்லவும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் உபாத்தியாயர் ஒருவரை ஷேக்ஸ்பியர் தம் நாடகம் ஒன்றில் படைத்து, நம் வர்க்கத்துக்கே ஒரு குட்டு வைத்திருக்கிறார்.

இந்த 'பி'க்காவது லத்தீனில் ஆதாரம் உண்டு. தீவு என்று பொருள்படும் 'ஐலண்ட்' என்ற சொல்லின் நடுவில் இருக்கும் 'எஸ்'ஸுக்கு அதுவும் கிடையாது. அது ஆங்கிலேயரின் சொந்தப் பழஞ்சொல். 'எஸ்' இல்லாமலே பல நூற்றாண்டுகள் எழுதப்பட்டது. லத்தீனில் தீவுக்கு 'இன்ஸுலா' என்று பெயர். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல்லில் 'எஸ்' இருந்தது. இரண்டும் உறவு என்று தவறாக எண்ணி, பதினாறாம் நூற்றாண்டில் இதற்குள்ளும் அதை நுழைத்துவிட்டார்கள். பிசகு என்பது வெகு காலமாக எல்லாருக்கும் தெரியும், அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. இருந்தாலும் வகுப்பில் ஏதாவது ஒரு பையன், காதில் விழுந்தபடியே, 'எஸ்' இல்லாமல் அதை எழுதிக்கொண்டு வருகிறான். சொற்பிறப்பின்படி அவன் எழுதியதுதான் சரி. நாம் சிவப்பு மையினால் அந்த 'எஸ்'ஸைச் சேர்த்து, அரை மார்க்கைக் குறைத்து, தாளைத் திருப்பிக் கொடுக்கிறோம்.